கூழ் நுழையாத குவார்ட்டர்ஸ்

என் மகள் அபிக்கு வந்த கேட்டுக்கு நான்தான் காரணம் என்று முதலில் கண்டுபிடித்தவனும் நான்தான். டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. என் மனைவி மணிமொழியும் அப்போது வாயைத் திறக்கவில்லை. நானே முந்திக்கொண்டு குற்றத்தை ஏற்றுக்கொண்டேன். அதிலும் பாதியைத்தான் ஏற்றுக்கொண்டேன் என்பது பிறகுதான் தெரிந்தது. எனக்கு எதிலும் அவசரம்.

இரண்டாயிரத்துப் பதினேழு ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. அபி ஒன்பதாம் வகுப்பு. முதல் வாரம் ஒழுங்காகப் போனாள். இரண்டாவது வாரம் பாதி நாள் போனாள். மூன்றாவது வாரம் காலையில் எழுந்து குளித்து, யூனிஃபார்ம் போட்டு, இரட்டைச் சடை பின்னிக்கொண்டு, ஷூவை மாட்டும் நேரத்தில் வயிற்றைப் பிடித்தபடி கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாள் குளிக்கவே எழுந்திருக்கவில்லை.

ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். எல்லாம் நார்மல். நார்மல் என்று சொன்னதும் எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. "நார்மல்னா அப்பறம் என்னாத்துக்கு வலிக்குது? நடிக்கிறியா?" என்று ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கத்தினேன். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள். அபி துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டே வந்தாள், பஸ் ஸ்டாப் வரை.

வலி மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. சிரிப்பே நின்றுபோனது. முன்பெல்லாம் டிவி பார்த்துக்கொண்டு தனியாகச் சிரிக்கிற பிள்ளை. இப்போது டிவியை அணைத்தாலும் தெரியாது, போட்டாலும் தெரியாது. ஒரு சாயங்காலம் கொடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த மணிமொழியிடம் போய், "யம்மா, எனக்கு ஏன் எதுவுமே புடிக்க மாட்டேங்குது?" என்று கேட்டிருக்கிறாள். மணிமொழி அதை என்னிடம் சொன்னாள். எனக்கு உள்ளே ஏதோ நழுவியது. ஆனால் வெளியே என்ன சொன்னேன் தெரியுமா? "செல்லு குடுக்காத, எல்லாம் சரியாப்பூடும்" என்றேன்.

கடலூரில் ஒரு குழந்தைகள் டாக்டர் இருக்கிறார், பொறுமையாகக் கேட்பார் என்று யாரோ சொல்ல, லீவு போட்டுக்கொண்டு மூன்று பேரும் போனோம். ஐம்பது வயதிருக்கும் அந்த டாக்டரம்மாவுக்கு. ஸ்கேன் ரிப்போர்ட்டை ஒரு நிமிஷம் பார்த்து மூடி வைத்துவிட்டு அபியிடம் அரை மணி நேரம் தனியாகப் பேசினார். பிறகு எங்களைக் கூப்பிட்டு, நான் எதிர்பார்க்காத கேள்வியைக் கேட்டார்.

"அஞ்சு வயசு வரைக்கும் குழந்தை என்ன சாப்பிட்டா?"

எனக்கு இப்படிப்பட்ட கேள்வி என்றால் கரும்பு. நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க வீட்ல ஒரு குறையும் வெக்கலீங்க டாக்டர். டப்பாப் பால், ரொட்டி, ஜாம், க்ரீம் பிஸ்கெட்டு, கேக்கு, நூடுல்ஸ், பால்ல கலக்குற பவுடரு. எது கேட்டாலும் வாங்கிக் குடுத்துடுவேன். கூழு, பழையது எல்லாம் வாசப்படியே மிதிச்சதில்லீங்க" என்றேன். மணிமொழி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கீரை? பருப்பு? மோர்?"

"அதெல்லாம் அவளுக்குப் பிடிக்காதுங்க."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை. பாடம் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னார். "நம்ம குடலுக்குள்ள கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் குடியிருக்கு. எது எது குடியிருக்கணும்ங்கிறது பெரும்பாலும் முதல் ரெண்டு மூணு வருஷத்துல அமைஞ்சிடும். நாம சாப்பிடறதுல மிச்சம்தான் அதுங்களுக்குச் சாப்பாடு. நார் இருக்கிற தானியம், கீரை, புளிச்ச மோர், கூழ் இதெல்லாம் அதுங்களுக்கு நல்லது. வெறும் மாவும் சக்கரையும்னா நல்ல நுண்ணுயிர் பலதும் பட்டினி. அப்புறம், குடலுக்கும் மூளைக்கும் நேராவே நரம்பு இருக்கு. ரெண்டு பக்கமும் சேதி போகும், வரும். குடல் சரியில்லன்னா மனசு சோர்ந்து போறதும், மனசு சரியில்லன்னா வயிறு வலிக்கிறதும் உண்டு."

இதில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது? மேனேஜர் கூப்பிடுகிறார் என்றாலே நான் வேலை பார்க்கும் நிலக்கரி மைன்ஸில் பாதிப் பேருக்கு வயிறு கலக்கும். ஆனால் அது ரொட்டியிலும் பிஸ்கெட்டிலும் தொடங்கும் என்று யார் கண்டது?

"அப்ப நான் குடுத்ததாலதான் இப்படி ஆயிடுச்சிங்களா?" என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாது. எலிகள்ல நிறையப் பாத்திருக்காங்க. குழந்தைங்கள்ல இப்பதான் ஆராய்ச்சி பண்றாங்க. இது ஒரு காரணமா இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஒரே காரணம்னு எதுவும் கிடையாது" என்றார். வாரம் ஒருநாள் கவுன்சலரைப் பார்க்கச் சொன்னார். சாப்பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றச் சொன்னார். ஒரு நோட்டுப் போட்டு அபி என்ன சாப்பிட்டாள், எப்போது வலித்தது, மனசு எப்படி இருந்தது என்று தினமும் எழுதி ஐந்து வாரம் கழித்துக் கொண்டுவரச் சொன்னார்.

அவர் சொன்ன அத்தனை 'லாம்'களும் என் காதில் விழவில்லை. நான் குடுத்தேன், பிள்ளை கெட்டாள், அவ்வளவுதான் விழுந்தது. வருகிற வழியில் பஸ்ஸில் அபி ஜன்னலோரம் தூங்கிப்போனாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நான் ஏன் கூழை வீட்டுக்குள் விடவில்லை என்று சொல்லிவிடுகிறேன். சொன்னால் நியாயம் கிடைத்துவிடும் என்றல்ல.

எங்கள் ஊர் கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம். அப்பா சாமிக்கண்ணுவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை. மத்தியானம் நிலத்துக்காரர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய்க் கூழ் வாங்கிவருவது என் வேலை. அலுமினியக் குண்டானை நான் இரண்டு கையாலும் ஏந்திப் பிடிக்க வேண்டும். அந்த வீட்டு அம்மா மேலே இருந்து ஊற்றும். அவர்கள் பாத்திரம் என் பாத்திரத்தைத் தொட்டுவிடக் கூடாது என்று அவ்வளவு உயரத்திலிருந்து ஊற்றும். பாதி என் கையில் தெறிக்கும். கை கழுவவும் தண்ணீர் தரமாட்டார்கள். அந்தப் புளித்த வாடை கையிலேயே இருக்கும், சாயங்காலம் வரை. எட்டு வயதில் ஒரு நாள் முடிவு பண்ணினேன், என் பிள்ளைக்கு இந்த வாடை தெரியக் கூடாது.

பத்து வருஷம் கான்ட்ராக்டில் கிடந்து உழைத்து, இரண்டாயிரத்து ஒன்றில் பர்மனென்ட் ஆனேன். கன்வேயர் பெல்ட் ஆப்பரேட்டர். குவார்ட்டர்ஸ் கிடைத்தது. இரண்டு ரூம், குழாயில் தண்ணீர், முன்னால் பூவரச மரம், முனையில் கம்பெனி பஸ் நிற்கும். அபி பிறந்ததே அந்த வீட்டுக்குத்தான். ஒவ்வொரு ஷிப்ட்டுக்கும் கேன்டீனில் டீயோடு பன்னோ கேக்கோ பிஸ்கெட்டோ வரும். என் பங்கை நான் தின்றதே இல்லை. காகிதத்தில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு வருவேன். அபி நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கே ஓடிவரும். வீட்டுக்கு வந்து முழுதும் தின்று முடிக்கும் வரை எதிரே உட்கார்ந்து பார்ப்பேன். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் இந்த உலகத்தில் கிடையாது என்று அப்போது நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

அவளுக்கு இரண்டு வயதிருக்கும். மழையால் பெல்ட் நின்று சீக்கிரமே அனுப்பிவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் மணிமொழி மடியில் குழந்தை, பக்கத்தில் சட்டி நிறைய கேழ்வரகுக் கூழ். அபி வாயெல்லாம் கூழோடு என்னைப் பார்த்துச் சிரித்தது. எனக்கு அந்த வாடைதான் முதலில் வந்தது. என்ன செய்கிறேன் என்று தெரியாமல் சட்டியைத் தூக்கிப் பின்பக்கச் சுவரில் அடித்தேன். "எம் பொண்ணு எவன் வூட்டுக் கூழையும் குடிக்க வேணாம்" என்று கத்தினேன்.

"இது நம்ம வூட்டுக் கூழுங்க" என்றாள் மணிமொழி.

குழந்தை வீறிட்டு அழுதது. நான் பையிலிருந்த கேக்கைப் பிரித்துக் கையில் கொடுத்து அழுகையை நிறுத்தினேன். நிறுத்திவிட்டேன் என்று பெருமை வேறு.

கடலூரிலிருந்து வந்த மறுநாள் கேன்டீனில் சிங்காரவேல் டிபன் தூக்கைத் திறந்து கூழைக் குடித்துக்கொண்டிருந்தான். என்னோடு வேலை செய்கிறவன். நிலம் சுரங்கத்துக்குப் போனதால் வேலை கிடைத்தவன். ஊறுகாய் மிளகாயைக் கடித்துக்கொண்டு, யார் பார்க்கிறார்கள் என்ற கவலையே இல்லாமல் குடிப்பான். இருபது வருஷமாக அவனைக் கேலி பண்ணியிருக்கிறேன். அவன் வீட்டுக் கூழ் அவன் பானையில் கிடந்தது, அவனே மொண்டு குடித்தான். எங்களுக்கு ஊற்றினார்கள். இந்த வித்தியாசம் அவனுக்கும் தெரியாது, நானும் சொன்னதில்லை.

"என்னாடா மதி, மொகம் செத்துப் போயிருக்கு?" என்றான்.

சொன்னேன். கேட்டுவிட்டு, "பச்சப் புள்ளைக்குக் கூழு ஆவாதுன்னு எந்த மடையன் சொன்னான்?" என்றான்.

"இந்த மடையன்தான்" என்றேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று ஷிப்ட் முடிந்து நேராக மந்தாரக்குப்பம் கடைத்தெருவுக்குப் போனேன். கேழ்வரகு ஐந்து கிலோ, கம்பு ஐந்து கிலோ, மண்சட்டி இரண்டு. கூழ் நுழையாத வீட்டில் இனிமேல் கூழும் கீரையும்தான் என்று சட்டம் போட்டேன். காலையில் கூழ், மத்தியானம் கீரை, மோர், சாயங்காலம் சுண்டல், ராத்திரி கம்பஞ்சோறு. அலமாரியிலிருந்த பிஸ்கெட், நூடுல்ஸ் எல்லாவற்றையும் அள்ளிக் குப்பையில் கொட்டினேன்.

"டாக்டரு கொஞ்சம் கொஞ்சமாத்தான மாத்தச் சொன்னாங்க?" என்றாள் மணிமொழி.

"பதினாலு வருசத்த எப்பப் புடிக்கறது? நீ பேசாம இரு."

அபி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பாள். நான் எதிரே உட்கார்ந்து, "குடி பாப்பா, குடி, உனுக்காகத்தான்" என்பேன். ஒவ்வொரு மடக்காக இறங்குவதைப் பார்ப்பேன். டம்ளரைச் சாய்த்து அடியில் மிச்சம் இருக்கிறதா என்றும் பார்ப்பேன். அவள் ஒரு வார்த்தை மறுத்துச் சொன்னதில்லை. அம்மாவிடம் 'நீ' என்று சண்டை போடுகிற பிள்ளை, என்னிடம் எப்போதும் 'நீங்க'தான். அதை நான் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நோட்டையும் நானே எழுதினேன். அதில் எனக்குப் பழக்கம் உண்டு. பெல்ட் நின்றால் லாக் புக்கில் எழுத வேண்டும்: நின்ற நேரம், நின்ற காரணம், மறுபடி ஓடிய நேரம். பதினாறு வருஷமாக எழுதுகிறேன். அதே மாதிரி கோடு போட்டேன். தேதி, சாப்பிட்டது, எவ்வளவு, வலி வந்த நேரம், வலி போன நேரம், மனசு. மனசு என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று முதல் நாள் திண்டாடினேன். பிறகு 'பேசினாள்', 'பேசவில்லை', 'அழுதாள்', 'சிரித்தாள்' என்று நாலு வார்த்தை வைத்துக்கொண்டேன். நான் ஷிப்ட்டில் இருக்கும்போது நடந்ததை மணிமொழி சொல்ல, வந்து எழுதுவேன். ஐந்து வாரத்தில் ஒரு நாள் விட்டதில்லை.

டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முன்தினம் எனக்கு வார ஓய்வு. மத்தியானம் அபி கவுன்சலர் சொன்ன ஏதோ படம் வரைந்துகொண்டு உள்ளே இருந்தாள். நான் நோட்டைப் பிரித்துக் கூட்டிப் பார்த்தேன். கூழ் வயிற்றுக்குள் போன பிறகு வலி குறைந்திருக்கும், டாக்டர் மெச்சுவார் என்று ஒரு நப்பாசை. அப்படி ஒன்றும் காணோம். ஒரு வாரம் வலியே இல்லை, அடுத்த வாரம் ஐந்து நாள் வலி. சாப்பாடோ எல்லா வாரமும் ஒன்றுதான், நான் போட்ட சட்டம்தான். மண்டை குழம்பியது.

பெல்ட் அடிக்கடி நின்றால் நாங்கள் முதலில் பார்ப்பது, எந்த ஷிப்ட்டில் நிற்கிறது என்று. பழக்கதோஷத்தில் அதையும் பார்த்தேன். காலண்டரில் என் ஷிப்ட்டைக் குறித்து வைத்திருந்தேன். இரண்டையும் பக்கத்தில் வைத்தேன்.

நான் செகண்ட் ஷிப்ட் போன வாரம் இரண்டு. மத்தியானம் ஒன்றேகாலுக்குக் கிளம்பினால் அவள் தூங்கிய பிறகுதான் வருவேன், காலையில் அவள் கிளம்பும்போது நான் தூக்கத்தில் இருப்பேன். அந்த இரண்டு வாரமும் அவள் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். 'பேசினாள்', 'பேசினாள்', ஒரு நாள் 'சிரித்தாள்'. ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம், நான் சாயங்காலமும் ராத்திரியும் வீட்டில். வலி சாயங்காலத்தில். நைட் ஷிப்ட் வாரம், காலையில் அவள் டம்ளரைப் பிடிக்கும் நேரத்துக்குச் சரியாக வந்து எதிரே உட்காருவேன். அந்த வாரம் ஐந்து நாளும் பள்ளிக்கூடம் போகவில்லை. காலை ஏழு மணி, வலி. ஏழு பத்து, வலி. ஏழு மணி, வலி, அழுதாள். எல்லாம் என் கையெழுத்து.

நின்ற காரணத்தை எழுதாமலே பதினாறு வருஷத்தில் நான் எழுதிய ஒரே லாக் புக் அதுதான்.

நோட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். மணிமொழி முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். காட்டினேன். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு பார்த்தாள். ஆச்சரியப்படவே இல்லை.

"இதக் கண்டுபுடிக்க உங்களுக்கு அஞ்சு வாரமா?" என்றாள்.

"உனுக்குத் தெரியுமா?"

"ஒண்ணு சொன்னா அடிக்க வரமாட்டீங்களே?" என்று கேட்டாள். நான் அவளை அடித்ததில்லை. ஆனாலும் அவள் அப்படிக் கேட்டாள். கீரையைப் பார்த்துக்கொண்டே பேச ஆரம்பித்தாள்.

"நீங்க சட்டியத் தூக்கி அடிச்ச மறுநாளே நான் வேற சட்டி வாங்கினு வந்துட்டேன். நீங்க வூட்ல இல்லாதப்ப கூழு, கீரத்தண்ணி, மோரு எல்லாம் குடுப்பேன். ஆசையாக் குடிக்கும். ஃபர்ஸ்ட் ஷிப்ட்டு வாரம் பஸ்ஸு வர்றதுக்குள்ள வாயக் கழுவி, சட்டியக் கழுவி, வெளக்குமாத்துக்குப் பின்னால கவுத்து வெச்சிடுவேன். அப்பா கேட்டா பிஸ்கெட்டுதான் தின்னேன்னு சொல்லுன்னு சொல்லிக் குடுத்தேன். மூணு வயசுப் புள்ளைக்குப் பொய் சொல்லக் கத்துக்குடுத்தது நானு. அந்தப் பாவம் எம்மேலதான்."

"அப்பறம்?"

"அப்பறம் ஒரு நாளு பஸ்ஸு சத்தம் முன்னாடியே கேட்டுடுச்சி. வாயில கூழு. புள்ள முழுங்கவும் முடியாம துப்பவும் முடியாம நின்னுச்சி. பாவாடையிலயே ஒண்ணுக்குப் போயிடுச்சி. அந்த பஸ்ஸுல நீங்க வர்ல, வேற பஸ்ஸு அது. ஆனா அதோட கூழு வேணாம்னுடுச்சி. அப்பாக்குப் புடிக்காதும்மா, நான் கேக்கே தின்றேன்னுச்சி. நான் எவ்ளோ கெஞ்சியும் தொடல. அந்தக் கேக்கு அதுக்குப் புடிக்கவே புடிக்காதுங்க. நீங்க பாத்துகினே இருப்பீங்களேன்னு தின்னுச்சி. எத்தினியோ நாளு நீங்க தூங்கனப்பறம் வாந்தி எடுத்துருக்குது."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு நல்லது தின்னக் கொடுக்கவில்லை என்றுதான் இத்தனை நாள் அழுதுகொண்டிருந்தேன். நல்லது அவள் கைக்கு வந்திருக்கிறது, வாய் வரை போயிருக்கிறது. நான் வருகிற சத்தம் அதைத் தள்ளிவிட்டிருக்கிறது. டப்பாவில் வந்ததை எல்லாம் என் முகத்துக்காகத் தின்றிருக்கிறாள். இப்போது கூழையும் என் முகத்துக்காகவே குடிக்கிறாள். நான் அந்தக் கொல்லைப்பக்கத்து அம்மாவைவிட எந்த விதத்தில் உசத்தி?

"ஏன் சொல்லல?" என்றேன்.

"சொன்னா கேக்கற ஆளா நீங்க?" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

மறுநாள் டாக்டரிடம் நோட்டைக் கொடுத்து, காலண்டரையும் விரித்து, எல்லாவற்றையும் சொன்னேன். அபியை வெளியே உட்கார வைத்துவிட்டுத்தான் சொன்னேன். பாதியில் நிறுத்தித் தண்ணீர் குடித்துவிட்டுச் சொன்னேன். சாப்பாடா, பயமா, எதனால் டாக்டர் என்று கேட்டேன்.

"ரெண்டையும் பிரிச்சிப் பாக்க என்னால முடியாது" என்றார் அவர். "தின்னதும் அந்த வயித்துக்குள்ளதான் போச்சு, பயந்ததும் அங்கதான் போச்சு. சாப்பாட்ட மாத்துனது நல்லதுதான், விடாதீங்க. ஆனா அவ சாப்பிடும்போது யாரும் அவளப் பாக்க வேண்டாம். எண்ண வேண்டாம். நோட்டும் வேண்டாம்." அவ்வளவுதான் சொன்னார். நல்லா இருப்பா என்றோ, கவலைப்படாதீங்க என்றோ சொல்லவில்லை. சொல்வார் என்று நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பார்க்க வேண்டாம் என்றால் பார்க்கும் தூரத்திலேயே இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். சொன்னேனே, எனக்கு எதிலும் அவசரம்.

காலாண்டுப் பரீட்சை லீவு வந்தது. பரீட்சையில் பாதிதான் எழுதியிருந்தாள். எனக்கு ஃபர்ஸ்ட் ஷிப்ட் வாரம். இரண்டரை மணிக்கு பஸ் எங்கள் முனையில் இறக்கிவிடும். அதுதான் அவர்கள் சாப்பிடும் நேரம். நான் வீட்டுக்குப் போகாமல் ஸ்டாப்பில் இருந்த சிமென்ட் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன். மூன்றே கால் வரை. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம், "என்னா மதி, வூட்ல சண்டையா?" என்று கேட்டார்கள். சிரித்து வைத்தேன். பசி வயிற்றைக் கிள்ளியது. கிள்ளட்டும் என்று விட்டேன். எனக்கு அது தேவைதான் என்று தோன்றியது. உண்மையைச் சொன்னால், அதில் கொஞ்சம் சுகமும் இருந்தது.

நாலாவது நாள் அபி வந்தாள். செருப்பைத் தேய்த்துக்கொண்டு மெதுவாக நடந்து வந்து பெஞ்சின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். 'சாப்ட்டியா' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டேன்.

"டெய்லி இங்கயா உக்காந்துகினு இருக்கீங்க?" என்றாள்.

"காத்து நல்லா வருதும்மா."

"பொய் சொல்லாதீங்கப்பா."

எனக்கு முகம் சுருங்கிப் போனது. அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டே பேசினாள். அவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசி வருஷக்கணக்காகியிருக்கும்.

"பஸ்ஸு சத்தம் எனக்குக் கேக்குது. நீங்க எறங்கிட்டீங்கன்னு தெரியுது. ஆனா வர்ல. எப்ப வருவீங்க, எப்ப வருவீங்கன்னு பாத்துகினே சாப்புடறேன். வந்துட்டாகூடப் பரவால்ல. வராம இருந்தா ரொம்ப வலிக்குது."

"பாப்பா..." என்றேன். அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "நான் உன்ன என்னா பண்ணிட்டேன்னு எனுக்கு இப்பத்தான் தெரியுது. அம்மா எல்லாத்தையும் சொல்லிச்சி. கூழு, கேக்கு, எல்லாம். உனுக்குப் புடிக்காதுன்னு எனுக்குத் தெரியாது பாப்பா. சத்தியமாத் தெரியாது. நான் பாவி." பட்டப்பகலில், பஸ் ஸ்டாப்பில், யூனிஃபார்ம் சட்டையோடு அழுதேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு அவளைப் பார்த்தேன். பரவால்லப்பா என்று ஒரு வார்த்தை சொல்ல மாட்டாளா என்று பார்த்தேன். அதற்காகத்தான் அழுதேனோ என்னவோ.

அபியின் இடது கை வயிற்றுக்குப் போயிருந்தது. அழுத்திப் பிடித்திருந்தாள்.

"அழாதீங்கப்பா" என்றாள். "நீங்க அழுதாலும் வலிக்குது."

எனக்கு அழுகை அப்படியே நின்றுவிட்டது. அவள் என்னைத் தேற்றவில்லை, திட்டவும் இல்லை. இருப்பதைச் சொன்னாள். கத்தினேன், அவள் வயிற்றில் போனது. ஊட்டினேன், போனது. இப்போது இந்தக் கண்ணீரையும் அவள்தான் விழுங்க வேண்டியிருக்கிறது. சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தேன்.

"நான் என்னா பண்ணட்டும், சொல்லு" என்றேன். கேட்டுவிட்டு முதல் தடவையாகச் சும்மா இருந்தேன். இரண்டு சைக்கிள், ஒரு பால்காரர் வண்டி போகும் வரை அவள் யோசித்தாள்.

"வூட்டுக்கு வாங்க. வந்து சாப்புடுங்க. என்னப் பாக்காம சாப்புடுங்க."

எழுந்து முன்னால் நடந்தாள். நான் பின்னால் போனேன். மணிமொழி ஒன்றும் கேட்காமல் மூன்று தட்டு வைத்தாள். எனக்கு என்ன போட்டாள் என்று கவனிக்கவில்லை, பிசைந்தேன், தின்றேன். எதிரே தட்டில் கை போகிற சத்தம் கேட்டது. நின்றது. நிமிர்ந்து பார்க்க வேண்டும் என்று கழுத்தெல்லாம் துடித்தது. வலிக்கிறதோ, பிடிக்கவில்லையோ, போதுமோ என்று கேட்க வாய் பரபரத்தது. என் தட்டில் இருந்த சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சத்தம் கேட்டது.

அன்றைக்கு என் மகள் என்ன சாப்பிட்டாள், எவ்வளவு சாப்பிட்டாள் என்று எனக்குத் தெரியாது.